ஒரே சத்துணவு மையம், இரண்டு ஐ.நா. ஒப்பந்தம்: தென் சூடானில் தேதிகளை எப்படிப் பொருத்துவது?

நைல்வாசி:

எல்லாருக்கும் வணக்கம். இடம் தென் சூடான், யூனிட்டி மாநிலம். ஒரு கவுண்டியில் (மாநிலத்துக்குக் கீழே வரும் நிர்வாகப் பிரிவு) ஒன்பது சத்துணவு மையங்களை எங்கள் தொண்டு நிறுவனம் ஏற்று நடத்தப்போகிறது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் மேற்கையில் நாடா வைத்து அளக்கும்போது 115 மில்லிமீட்டருக்குக் கீழே வந்தால் கடும் ஊட்டக்குறைவு, அது யூனிசெஃப் பக்கம். 115-லிருந்து 125-க்குள் வந்தால் நடுத்தரம், அது உலக உணவுத் திட்டத்தின் பக்கம் (இனி டபிள்யூஎஃப்பி). மையம் ஒன்று, நர்ஸ் ஒருவர், பிள்ளையை இடுப்பில் வைத்து நடந்து வரும் தாயும் ஒருத்திதான். காகிதம் மட்டும் இரண்டு.

இப்போது நவம்பர். ஒப்பந்த வரைவுகள் மேஜையில் இருக்கின்றன. ஒன்று ஜனவரி 1-லிருந்து டிசம்பர் 31 வரை, இன்னொன்று மார்ச் 1-லிருந்து டிசம்பர் 31 வரை. இந்தத் தேதிகளை அப்படியே விடலாமா, பேசி மாற்ற வேண்டுமா?

மாதத்துக்குச் சராசரியாகக் கடும் நிலையில் 100, நடுத்தர நிலையில் 250 புதுச் சேர்க்கை எதிர்பார்க்கிறோம். மே மாதம் சாலை மூடுவதற்குள் எவ்வளவு சரக்கு (பிள்ளைகளுக்குக் கொடுக்கும் சத்துப் பசைப் பாக்கெட்டுகள்) உள்ளே போயிருக்க வேண்டும்? ஒரே நர்ஸின் சம்பளத்தை எந்தக் கணக்கில் காட்டுவது? ஒரு பக்கத்துச் சரக்கு தீர்ந்து மறுபக்கத்தில் மட்டும் இருந்தால் என்ன செய்வது? லாரிக்கு ஐ.நா. அமைதிப்படையின் காவல் கேட்கலாமா?

"க்ளஸ்டர் கூட்டத்துக்குப் போங்க, எல்லாம் தானாச் சரியாகும்" என்ற பதில் மட்டும் வேண்டாம், அது நிறையக் கிடைத்துவிட்டது. (க்ளஸ்டர் என்பது ஒரே துறையில் வேலை செய்யும் உதவி அமைப்புகளின் ஒருங்கிணைப்புக் குழு.)

கணக்குப்பிள்ளை:

நைல்வாசி சார், தேதியில்தான் முதல் ஆபத்து. ஆரம்பத் தேதியை விடுங்கள், முடியும் தேதியைப் பாருங்கள். இரண்டுமே டிசம்பர் 31. தென் சூடானில் லாரி ஓடுகிற காலம் ஏறத்தாழ டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை. மழைக்காலத்தில் நாட்டின் பாதிக்கு மேற்பட்ட சாலைகள் சேறாகிவிடும். ஒப்பந்தம் உயிரோடு இல்லாத கூட்டாளியின் பெயரில் எந்த ஐ.நா. அமைப்பும் கிட்டங்கியிலிருந்து சரக்கு விடாது. அடுத்த ஆண்டு ஒப்பந்தம் கையெழுத்தாக பிப்ரவரி, மார்ச் ஆனால், சாலை நன்றாக இருக்கும் இரண்டு மாதம் சரக்கு தலைநகர் ஜூபாவில் தூங்கும். கையெழுத்து வந்த பிறகு எல்லோருடைய சரக்கும் ஒரே நேரத்தில் லாரி தேடும்.

அதனால் இரண்டு பக்கமும் கேளுங்கள்: முடியும் தேதி ஒன்றாக இருக்கட்டும், அது டிசம்பர்-ஏப்ரலுக்குள் விழ வேண்டாம். ஜூன் 30 வசதி. "எங்கள் நிதியாண்டு டிசம்பர்" என்று பதில் வந்தால், எந்தக் கொடையாளியின் எந்தக் கிராண்ட்டிலிருந்து இந்தப் பணம் வருகிறது, அது எப்போது காலாவதி என்று திட்ட அலுவலரிடம் நேராகக் கேளுங்கள். பல நேரம் தேதியைக் கட்டிவைத்திருப்பது அந்தக் கிராண்ட்தான், விதி அல்ல. கிராண்ட் நீளமாக இருந்தால் ஒப்பந்தமும் நீளலாம். இல்லையென்றால் கூடுதல் பணமில்லாத கால நீட்டிப்புக்கு முடியும் தேதிக்கு மூன்று மாதம் முன்பே கடிதம் கொடுங்கள். கடைசி இரண்டு வாரத்தில் கொடுத்தால் விடுமுறைக்குப் போனவரின் இன்பாக்ஸில் கிடக்கும்.

மார்ச் 1 என்ற ஆரம்பமும் உங்களைக் கடிக்கும். ஜனவரியில் ஒரு ஒப்பந்தம் மட்டும் ஓடும்போது மையத்தின் வாடகை, காவலாளி, டீசல் எல்லாம் அதன் தலையில் விழும். மார்ச்சில் இரண்டாவது ஒப்பந்தம் வந்ததும் அந்தச் செலவுகளைப் பாதிப்பாதியாகப் பிரிக்க முதல் பட்ஜெட்டைத் திருத்த வேண்டும். திருத்த மறந்தால் ஒரே வாடகை இரண்டு இடத்தில் நிற்கும். தணிக்கைக்காரர் முதலில் புரட்டுகிற பக்கம் அது.

தகுதிச் சோதனையில் நேரம் மிச்சம் பிடிக்கலாம். தொண்டு நிறுவனங்கள் பதியும் ஐ.நா. கூட்டாளர் இணையத் தளத்தை 2018-ல் யூனிசெஃப், டபிள்யூஎஃப்பி, யூஎன்எச்சிஆர் (ஐ.நா. அகதிகள் அமைப்பு) மூன்றும் சேர்ந்து திறந்தன. ஒரு சுயவிவரம் போதும். பாலியல் சுரண்டல் தடுப்பு மதிப்பீட்டை ஒரு அமைப்பு முடித்திருந்தால் அந்த மதிப்பெண்ணை மற்றது ஏற்கலாம், அறிக்கையை நீங்களே இணைத்து அனுப்பினால் வாரக்கணக்கில் மிச்சம். நிதி மேலாண்மை மதிப்பீடு அப்படி இல்லை. 'ஹாக்ட்' முறை யூனிசெஃப், யூஎன்டிபி (வளர்ச்சித் திட்டம்), யூஎன்எஃப்பிஏ (மக்கள்தொகை நிதியம்) மூன்றுக்கும் பொது, டபிள்யூஎஃப்பி தன் வழியில் பார்க்கும். அதற்கு மறுபடி கோப்பு கட்டத்தான் வேண்டும்.

பணம் வரும் வேகமும் வேறு வேறு. யூனிசெஃப் பக்கம் காலாண்டுக்கு ஒருமுறை 'ஃபேஸ்' படிவத்தில் முன்பணம் கேட்பீர்கள். ஆறு மாதத்துக்கு மேல் கணக்கு முடிக்காத முன்பணம் கையில் இருந்தால் அடுத்தது நிற்கும். டபிள்யூஎஃப்பி பக்கம் பெரும்பாலும் விநியோகம் முடிந்து, மாத அறிக்கை சரிபார்க்கப்பட்ட பிறகே பில். ஆகவே அந்தப் பக்கத்துச் செலவை இரண்டு மூன்று மாதம் உங்கள் சொந்தக் காசில் ஓட்டத் தயாராக இருங்கள், அல்லது ஒப்பந்தத்திலேயே முன்பணம் கேட்டு எழுதி வாங்குங்கள். கையெழுத்துக்குப் பிறகு கேட்டால் கிடைப்பது கடினம்.

பில் திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம். ஸ்டாக் கார்டில் தொடக்க இருப்பு, வரவு, விநியோகம், சேதம், முடிவு இருப்பு என்று ஐந்து கட்டம் இருக்கும். ஒரு மையம் பெட்டியாக எழுதும், இன்னொன்று பாக்கெட்டாக எழுதும். ஒரு பெட்டியில் 150 பாக்கெட். உடைத்த பெட்டியில் மீதி 63 என்றால், பெட்டியாக எழுதுபவர் அதைப் பூஜ்ஜியம் என்றோ ஒன்று என்றோ போடுவார். ஒன்பது மையத்திலும் இது நடந்தால் மாதக் கடைசியில் சில நூறு பாக்கெட் காணாமல் போயிருக்கும், யாரும் திருடாமலே. எல்லா மையத்திலும் பாக்கெட் எண்ணிக்கை மட்டும் என்று முதல் நாளே அடித்துச் சொல்லுங்கள்.

நர்ஸ் சம்பளத்துக்கு என் யோசனை: ஆளைச் சதவீதமாக வெட்டாதீர்கள். நர்ஸ் முழுவதும் யூனிசெஃப் பட்ஜெட்டில், அளவெடுப்பவரும் ஸ்டோர்க்கீப்பரும் முழுவதும் டபிள்யூஎஃப்பி பட்ஜெட்டில். டைம்ஷீட் தலைவலி போகும்.

லொறிக்காரன்:

தம்பி நைல்வாசி, நான் சாமான் கணக்கு மட்டும் சொல்லுறன்.

கடும் நிலைக்கான நிலக்கடலைப் பசை, அதுதான் ஆர்யூடிஎஃப், ஒரு பாக்கெட் 92 கிராம், 500 கலோரி. ஒரு பெட்டியிலை 150, சரக்கு மட்டும் 13.8 கிலோ, அட்டையோடை 15 எண்டு வையுங்கோ. ஒரு பிள்ளைக்கு ஒரு பெட்டி எண்டது பழைய கைக்கணக்கு, திட்டம் போட அது காணும். மாதம் 100 பேர், ஆறு மாதம், 600 பெட்டி. மே-ஜூலை பஞ்ச மாதங்களிலை சேர்க்கை சராசரிக்கு மேலே ஏறும், அதாலை 20 சதவீதம் கூட்டி 720 பெட்டி. கிட்டத்தட்ட 10.8 தொன்.

நடுத்தரத்துக்கான ஆர்யூஎஸ்எஃப் நாளுக்கு ஒரு பாக்கெட், 100 கிராம். ஒரு பிள்ளை மூன்று மாதம் நிண்டால் 90 பாக்கெட். மாதம் 250 பேர், ஆறு மாதத்திலை 1,500 பிள்ளை, 1,35,000 பாக்கெட், 900 பெட்டி. அதே 20 சதவீதம் சேர்த்து 1,080 பெட்டி, அட்டையோடை பெட்டி 16 கிலோ எண்டால் 17 தொன் சொச்சம். இரண்டும் சேர்ந்து 28 தொன்.

லொறியிலை இது சின்ன வேலை. மழைக்குப் பிறகு எம்ஐ-8 ஹெலியிலை ஏத்த வெளிக்கிட்டால் ஒரு பறப்புக்கு இரண்டு தொன் எண்டு வைச்சாலும் 14 தரம் பறக்க வேணும். அவ்வளவு பறப்பு உங்கள் ஒரு கவுண்டிக்கு ஒருத்தரும் தரமாட்டினம். மழைக்காலத்து ஹெலி இடைவெளி நிரப்பத்தான், வருசச் சாமானுக்கு இல்லை.

ஒண்டு கவனியுங்கோ. உங்கடை யூனிட்டி மாநிலத்திலை பெந்தியு, ரூப்கோனா பக்கம் 2021 வெள்ளத்துக்குப் பிறகு பல இடங்களிலை தண்ணி வத்தாமலே நிண்டது. டிசம்பர் வந்தால் றோட்டு திறக்கும் எண்ட கணக்கு எல்லாக் கவுண்டிக்கும் பொருந்தாது. உங்கடை ஒன்பது மையத்திலை எத்தினைக்கு லொறி போகும், எத்தினைக்கு வள்ளம் வேணும் எண்டு இப்பவே தனித்தனியாப் பிரிச்சு எழுதுங்கோ.

லொஜிஸ்டிக்ஸ் க்ளஸ்டரை டபிள்யூஎஃப்பி நடத்துது. சேவை கேட்கிற படிவத்திலை எடை, கன அளவு, எங்கை ஏத்துறது, எங்கை இறக்குறது, இரண்டு முனையிலும் ஆற்றை தொலைபேசி, சாமான் எப்ப தயார் எண்டது எல்லாம் கேட்பினம். 'தயார்' திகதியிலை பொய் எழுதாதேங்கோ. வாகனம் வந்து நிக்கேக்கை சாமான் கட்டாமல் இருந்தால் உங்கடை இடம் அடுத்த ஆளுக்குப் போகும்.

பிரச்சினை அதுக்குப் பிறகுதான் தொடங்கும். பொது ஸ்டோர் வரைக்கும் சாமான் வரும். அங்கையிருந்து மையத்துக்குக் கொண்டு போறது உங்கடை பாடு. வள்ளக்காரன் கூலி, இறக்குற பெடியளுக்குக் கூலி, தலைச்சுமைக் கூலி, ஒரு இரவு காவல். இந்த நாலு வரியும் இரண்டு பட்ஜெட்டிலும் இருக்காது, இவையள் அவை குடுப்பினம் எண்டு நினைப்பினம், அவையள் இவை குடுப்பினம் எண்டு நினைப்பினம். கையெழுத்துக்கு முதல் இரண்டு வரைவையும் பக்கத்திலை பக்கத்திலை வைச்சு 'கடைசி மைல்' எண்ட சொல் எங்கையாவது இருக்கோ எண்டு தேடுங்கோ.

மூன்றாவது ஆளையும் மறக்காதேங்கோ. காய்ச்சல், வீக்கம், சாப்பிட மறுக்கிற பிள்ளை எண்டால் மையத்திலை வைச்சிருக்க ஏலாது, படுக்கை உள்ள நிலைப்படுத்தும் பிரிவுக்கு அனுப்ப வேணும். அங்கை எஃப்-75, எஃப்-100 பால்மாவும் மருந்துப் பெட்டியும் வேணும், உலக சுகாதார அமைப்பு அதிலை வரும். பசை இருக்கு, அமொக்சிசிலின் சிரப் இல்லை எண்ட நிலைமை சாதாரணம். ஏனெண்டால் பசைக்கு ஒரு ஆள் கையெழுத்து, மருந்துக்கு வேறை ஆள்.

ஸ்டோரைப் பற்றி ஒரு வரி. தகரக் கூரைக்குக் கீழே பசை அவிஞ்சால் எண்ணெய் பிரிஞ்சு பாக்கெட் ஊதின மாதிரித் தெரியும், தாய்மார் வாங்க மாட்டினம். மரப்பலகைக்கு மேலே, சுவரிலை முட்டாமல், கூரைக்கும் பெட்டிக்கும் நடுவிலை காத்துப் போற மாதிரி அடுக்குங்கோ. முதலிலை வந்ததை இல்லை, முதலிலை காலாவதியாகிறதைத்தான் முதலிலை குடுக்க வேணும்.

நைல்வாசி:

லொறிக்காரன் அண்ணை, கடைசி மைல் விஷயத்தை இப்போதே தேடிப் பார்த்தேன். இரண்டு வரைவிலும் இல்லை.

கணக்குப்பிள்ளை சார், ஒரு சந்தேகம். நர்ஸ் முழுவதும் ஒரு பட்ஜெட்டில் இருந்து, அந்த ஒப்பந்தம் இடையில் இரண்டு மாதம் விட்டுப்போனால் மையத்தில் நர்ஸே இருக்கமாட்டாரே?

முவாக்_நாடா:

நைல்வாசியின் சந்தேகம் சரி. ஆளை முழுதாகப் பிரிப்பது கணக்குக்கு அழகு, மையத்துக்கு ஆபத்து. ஒன்பது மையத்தில் ஐந்தின் நர்ஸை ஒரு பட்ஜெட்டிலும் நான்கின் நர்ஸை மற்றதிலும் போடலாம். ஒரு பக்கம் நின்றால் மறுபக்கத்து நர்ஸ் வாரத்தில் ஒரு நாள் பக்கத்து மையத்தையும் பார்ப்பார். இரண்டு பட்ஜெட்டிலும் பதவிப் பெயரும் மொத்தச் சம்பளமும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். ஒன்றில் 'நர்ஸ்', இன்னொன்றில் 'சத்துணவு அலுவலர்', தொகை வேறு என்றால் ஒரே ஆளுக்கு இரண்டு சம்பளம் என்றுதான் படிப்பார்கள். ஊர்த் தன்னார்வலர்களுக்கு ஊக்கத்தொகையை நீங்களாக நிர்ணயிக்க வேண்டாம், க்ளஸ்டரில் ஒத்துக்கொண்ட விகிதத்தைப் பிடியுங்கள். பக்கத்துக் கவுண்டியைவிடக் கூட்டினால் அங்கிருந்து ஆள் வரும், குறைத்தால் இங்கிருந்து போகும்.

இனி சரக்கு தீர்ந்தால் என்ன என்ற கேள்வி. நடுத்தரப் பக்கத்துப் பசை தீர்ந்தால் 120-ல் இருந்த பிள்ளை நான்கைந்து வாரத்தில் 114-ல் வந்து நிற்கும். அப்போது அது யூனிசெஃப் கணக்கு. ஒரு அமைப்பின் வரத்துத் தடை இன்னொரு அமைப்பின் சேர்க்கை எண்ணாக மாறுவது இப்படித்தான். அறிக்கையில் 'சேர்க்கை உயர்வு, காரணம் பஞ்சம்' என்று எழுதப்படும். காரணம் ஜூபாவில் நின்ற லாரியாக இருக்கலாம்.

இதற்கு ஒரு ஏற்பாடு இருக்கிறது. இரண்டு நிலைக்கும் ஒரே பசை. 115-க்குக் கீழே நாளுக்கு இரண்டு பாக்கெட் ஆர்யூடிஎஃப், 115-லிருந்து 125-க்குள் ஒரு பாக்கெட். கென்யாவிலும் தென் சூடானிலும் சோதித்து 2020-ல் முடிவு வெளியிட்டார்கள், வழக்கமான முறைக்குக் குணமாகும் விகிதத்தில் குறைவில்லை. ஆனால் கையிருப்புக் கணக்கைப் பார்க்காமல் இதில் இறங்காதீர்கள். உங்கள் எண்களிலேயே போட்டுப் பார்ப்போம்.

மாதம் 100 சேர்க்கை, பிள்ளை சுமார் இரண்டு மாதம் தங்கும். எந்த நேரமும் 200 பிள்ளை. ஒரு பிள்ளைக்கு வாரத்துக்கு 18 பாக்கெட் என்றால் 3,600 பாக்கெட், 24 பெட்டி. இதுதான் வழக்கமான வாரச் செலவு. ஆர்யூஎஸ்எஃப் தீர்ந்துவிட்டது, நடுத்தரப் பிள்ளைகள் 750 பேரையும் (மாதம் 250, மூன்று மாதம் தங்கினால்) நாளுக்கு ஒரு பாக்கெட் ஆர்யூடிஎஃப்புக்கு மாற்றுகிறீர்கள் என்று வையுங்கள். அவர்களுக்கு மட்டும் வாரம் 5,250 பாக்கெட், 35 பெட்டி. கடும் நிலைப் பிள்ளைகளுக்கு நாளுக்கு இரண்டு என்று குறைந்து 2,800 பாக்கெட், 19 பெட்டி. மொத்தம் 54. 24 பெட்டி செலவான இடத்தில் 54. லொறிக்காரன் சொன்ன 720 பெட்டி முழுதும் கையில் இருந்தாலும் 13 வாரத்தில் காலி. மே முதல் வாரத்தில் மாற்றினால் ஆகஸ்டில் இரண்டு பசையும் இருக்காது.

அதனால் கதவை முழுக்கத் திறக்காமல் படிப்படியாகத் திறங்கள். 115-லிருந்து 119 வரை உள்ள பிள்ளைகள், இரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் முதலில். மற்றவர்களுக்கு வாரம் ஒருமுறை அளவு மட்டும், இறங்கினால் உடனே சேர்க்கை. இந்த முடிவை மழை நடுவில் வாட்ஸாப்பில் எடுக்காதீர்கள். சுகாதார அமைச்சகமும் சத்துணவு க்ளஸ்டரும் ஒத்துக்கொண்டு, இரண்டு ஒப்பந்தத்திலும் ஒரே பக்கம் இணைப்பாகப் போகட்டும். அதில் நான்கு விஷயம் போதும்: எந்த இருப்பில் மணி அடிப்பது (நான்கு வாரம், உங்கள் கணக்கில் ஆர்யூடிஎஃப் 96 பெட்டி, ஆர்யூஎஸ்எஃப் 140), யார் முடிவெடுப்பது, கைமாற்றாகப் போன பாக்கெட்டை எந்தப் பதிவேட்டில் எழுதுவது, அதை யார் எதால் திருப்பித் தருவது. கடைசியதை எழுதாவிட்டால் ஆண்டு முடிவில் 'இலக்குக்கு வெளியே விநியோகம்' என்று அந்தப் பாக்கெட்டுகளின் விலை உங்கள் தலையில் விழும்.

லொறிக்காரனின் 'பிள்ளைக்கு ஒரு பெட்டி' பற்றியும் ஒரு திருத்தம். பழைய அளவு கிலோவுக்கு நாளுக்கு 200 கலோரி வரை. 7 கிலோ பிள்ளைக்கு வாரம் 20 பாக்கெட். உலக சுகாதார அமைப்பின் 2023 வழிகாட்டி 150-லிருந்து 185 என்கிறது, அதே பிள்ளைக்கு 15-லிருந்து 18. நாட்டு வழிகாட்டி எதைப் பின்பற்றச் சொல்கிறது என்று கேட்டுவிட்டு 720-ஐ இறுதி செய்யுங்கள். இன்னொன்று, 115-ஐத் தாண்டிய பிள்ளையை நடுத்தரப் பக்கத்துக்கு மாற்றச் சொல்கிறார்களா, 125 வரும்வரை அதே பக்கம் வைக்கச் சொல்கிறார்களா? மாற்றுவது என்றால் உங்கள் 1,080 பெட்டி போதாது, மாதம் நூறு பிள்ளைகள் கூடுதலாக அந்தப் பசையைச் சாப்பிடும்.

பதிவேடு ஒன்றே இருக்கட்டும், பிள்ளைக்கு ஒரே எண். பக்கம் மாறும் பிள்ளையை 'மாற்றம்' என்ற கட்டத்தில் எழுதுங்கள். இரண்டு பதிவேடு வைத்தால் அதே பிள்ளை இரண்டு அமைப்பின் அறிக்கையிலும் புதுச் சேர்க்கையாக எண்ணப்பட்டு, அடுத்த ஆண்டு திட்டத் தொகை அந்தப் பொய் எண்ணில் கட்டப்படும்.

மைய நாளையும் பொது உணவு விநியோக நாளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். விமானத்திலிருந்து மூட்டை போடுகிற நாளில் தாய்மார் எல்லாம் அந்தத் திடலில்தான் இருப்பார்கள். மையத்தில் அன்று 'வரவில்லை' என்று குறி விழும், இரண்டு மூன்று வாரம் அப்படி விழுந்தால் 'கைவிட்டவர்'. குடும்பத்துக்கு உணவு வராத மாதத்தில் பிள்ளையின் பாக்கெட்டை நான்கு பேர் பகிர்வார்கள், எடை ஏறாது. டபிள்யூஎஃப்பியில் பொது விநியோகம் பார்ப்பவரும் சத்துணவு பார்ப்பவரும் வேறு வேறு ஆட்கள், இருவரிடமும் தேதி கேளுங்கள்.

மங்கிய_முத்திரை:

கணக்குப்பிள்ளை ஜூன் 30 வசதி என்கிறார். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஜூன்-ஜூலை பசியின் உச்சம். அந்த நேரத்தில் ஒப்பந்தம் ஒரு மாதம் விட்டுப்போனால் சரக்கு மையத்தில் இருக்கும், கொடுக்க ஆள் இருக்காது. அக்டோபர் 31 கேளுங்கள். அறுவடை தொடங்கிச் சேர்க்கை இறங்கும் காலம், புது ஒப்பந்தம் தாமதமானாலும் டிசம்பர் முதல் லாரிக்குள் கையெழுத்தாகிவிட வாய்ப்பு உண்டு. டிசம்பரைவிட ஜூன் மேல், ஜூனைவிட அக்டோபர் மேல்.

இடையில் பணம் வற்றினால் ஓச்சா (ஐ.நா.வின் மனிதாபிமான ஒருங்கிணைப்பு அலுவலகம்) நிர்வகிக்கும் தென் சூடான் மனிதாபிமான நிதியைத் தட்டலாம். மறைமுகச் செலவாக 7 சதவீதம் வரை அனுமதி உண்டு. ஆனால் இரண்டு ஐ.நா. ஒப்பந்தமும் ஏற்கெனவே மூடியிருக்கும் வரியை அங்கே மறுபடி எழுத முடியாது. கடைசி மைல் கூலி, நிலைப்படுத்தும் பிரிவுக்குப் பிள்ளையைக் கொண்டுபோகும் வள்ளம், இப்படி இரண்டிலும் இல்லாததை எழுதுங்கள்.

அனுமதி விஷயத்தை யாரும் தொடவில்லை. அரசுப் பக்கம் நிவாரண மறுவாழ்வு ஆணையம், அதாவது ஆர்ஆர்சி. 2016 சட்டத்துக்குப் பிறகு பதிவும் பயணக் கடிதமும் அதன் கையில். எதிர்த்தரப்புக் கட்டுப்பாட்டில் உள்ள பாயம்களில் (கவுண்டியின் உட்பிரிவுகள்) 'ரோஸ்' என்ற அவர்களின் நிவாரண அமைப்பு. உங்கள் ஒன்பது மையத்தில் சில இந்தப் பக்கம், சில அந்தப் பக்கம் என்றால் இரண்டு கடிதமும் வேண்டும். கடிதத்தில் லாரி எண், ஓட்டுநர் பெயர், சரக்கு எத்தனை பெட்டி என்பது வேபில்லில் (லாரியோடு போகும் சரக்குச் சீட்டு) உள்ளபடி அச்சு அசலாக இருக்க வேண்டும். வழியில் லாரி பழுதாகிச் சரக்கை வேறு லாரிக்கு மாற்றினால் எண் ஒத்துப்போகாது, முதல் சோதனைச் சாவடியிலேயே நிற்கும். இரண்டு மாற்று லாரி எண்களையும் முன்கூட்டியே கடிதத்தில் சேர்க்கச் சொல்லுங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். சாவடியில் பணம் கேட்டால் ஓட்டுநர் என்ன சொல்ல வேண்டும், யாரை அழைக்க வேண்டும் என்பது எழுத்தில் அவர் பையில் இருக்கட்டும். அங்கே ஒருமுறை கொடுத்தால் அது அடுத்த எல்லா அமைப்புக்கும் விலைப்பட்டியல்.

அமைதிப்படைக் காவல் கேட்கலாமா என்றால், கேட்கலாம், கடைசியாக. மனிதாபிமான வாகன வரிசைக்கு ஆயுதக் காவல் பற்றி 2013-ல் அமைப்புகளுக்கிடையேயான நிலைக்குழு கொண்டுவந்த வழிகாட்டியும் அதையே சொல்கிறது, வேறு வழியே இல்லாதபோது மட்டும். கோரிக்கை ஓச்சாவின் குடிமை-ராணுவ ஒருங்கிணைப்பு வழியாகத்தான் யூன்மிஸ்ஸுக்கு (தென் சூடானில் உள்ள ஐ.நா. அமைதிப்படை) போக வேண்டும், நேராக முகாம் வாசலில் போய்க் கேட்கக்கூடாது. யூன்மிஸ்ஸுக்கு அரசியல் பணியும் உண்டு என்பது இரு தரப்புக்கும் தெரியும். ஒரு நிறுவனம் கவச வண்டிக்குப் பின்னால் போனால், அடுத்த வாரம் அதே சாலையில் காவல் இல்லாமல் போகும் இன்னொரு நிறுவனத்தை 'இவர்கள் ஏன் தனியாக வருகிறார்கள்' என்று நிறுத்துவார்கள். உங்கள் முடிவு மற்றவர்களின் ஓட்டுநருக்கும் போய்ச் சேருகிறது, அதனால் அதை க்ளஸ்டரில் சொல்லிவிட்டு எடுங்கள். (க்ளஸ்டர் கூட்டம் வேண்டாம் என்றீர்கள், இதற்கு மட்டும் போய்த்தான் ஆக வேண்டும்.)

மற்றபடி மாதம் ஒருமுறை பெந்தியுவில் நீங்கள், யூனிசெஃப் கள அலுவலர், டபிள்யூஎஃப்பி கள அலுவலர், மாநிலச் சுகாதார அமைச்சக ஆள், நான்கு பேர் முக்கால் மணி நேரம் உட்கார்ந்தால் போதும். ஒரே தாள். ஒன்பது வரி, மையத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் இரண்டு பசையின் இருப்பு, பெட்டியில் அல்ல, வாரத்தில். அடுத்த லாரி அல்லது வள்ளம் எந்தத் தேதி. அடியில் இரண்டு ஒப்பந்தமும் முடியும் தேதி. 'இருப்பு 180 பெட்டி' என்றால் யாருக்கும் பதற்றம் வராது, 'இருப்பு 3 வாரம், அடுத்த லாரி 5 வாரம்' என்றால் அங்கேயே யாராவது போனை எடுப்பார்.

கணக்குப்பிள்ளை:

அக்டோபர் 31, ஒத்துக்கொள்கிறேன். நர்ஸ் ஐந்து-நான்கு பிரிவையும்.

நைல்வாசி:

எல்லாருக்கும் நன்றி. நாளை இரண்டு அலுவலகத்துக்கும் ஒரே கடிதம் அனுப்புகிறேன்: அக்டோபர் 31, கடைசி மைல் வரி, கைமாற்று இணைப்பு. ஒன்று மட்டும் பாக்கி. முதல் லாரி ராத்திரி வந்து சேர்ந்தால், எண்ணாமல் வேபில்லில் கையெழுத்துப் போடச் சொல்லி ஓட்டுநர் நிற்பார். போடலாமா?

லொறிக்காரன்:

போடாதேங்கோ. காவலாளியை லொறிக்குப் பக்கத்திலை இருத்திப்போட்டு ஓட்டுநருக்குச் சாப்பாடு குடுங்கோ, படுக்க இடம் குடுங்கோ. விடிய எண்ணுங்கோ. ஓட்டுநர் நிக்கவே மாட்டன் எண்டால், கையெழுத்துக்கு மேலே 'இரவில் இறக்கியது, எண்ணப்படவில்லை' எண்டு மூன்று பிரதியிலும் எழுதி, நேரம் போட்டு, லொறியின் சீல் எண்ணையும் எழுதுங்கோ. சீல் உடைஞ்சிருந்தால் கையெழுத்துக்கு முதல் படம் எடுங்கோ. எண்ணேக்கை நனைஞ்ச பெட்டி, கிழிஞ்ச பெட்டி, குறைஞ்ச பெட்டி மூன்றையும் தனித்தனி வரியிலை எழுத வேணும். வெறும் கையெழுத்து மட்டும் விழுந்தால் குறைஞ்ச பெட்டி எல்லாம் உங்கடை ஸ்டோரிலைதான் குறைஞ்சது எண்டு ஆயிடும்.